குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பது எப்படி: ஆதரவுப் பணியாளர்களுக்கான வழிகாட்டி

ஒரு குற்றம் நடந்த பிறகு பாதிக்கப்பட்டவரைச் சுற்றிப் பலர் கூடுகிறார்கள். காவல் அதிகாரிக்கு வாக்குமூலம் வேண்டும், மருத்துவருக்குப் பரிசோதனைக்கான ஒப்புதல் வேண்டும், அரசுத் தரப்பு வழக்கறிஞருக்குச் சாட்சியம் வேண்டும், உறவினர்களுக்கு என்ன நடந்தது என்ற விவரம் வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள் என்றாலும் எல்லோரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றைப் பெறுவதற்காகவே வருகிறார்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கென்றே ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்ததுதான் ஆதரவுப் பணியாளர் என்னும் பொறுப்பு.

இந்தப் பொறுப்பில் இருப்பவர் சட்ட ஆலோசனை சொல்வதில்லை, நடந்தது உண்மைதானா என்று துருவுவதில்லை, மனநலச் சிகிச்சையும் அளிப்பதில்லை. பாதிக்கப்பட்டவருக்குச் சரியான தகவலைப் புரியும் மொழியில் தருவது, அவர் போக வேண்டிய இடங்களுக்கு உடன் செல்வது, அவருடைய உரிமை மறுக்கப்படும் இடத்தில் அவர் விரும்பினால் அவர் சார்பில் பேசுவது, உரிய உதவிகளோடு அவரை இணைப்பது ஆகியவையே அவருடைய வேலை. 1985 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, குற்றத்தாலும் அதிகார முறைகேட்டாலும் பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றிய பிரகடனம், சட்ட நடவடிக்கை நெடுகிலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய உதவி கிடைக்க வேண்டும் என்று கூறுகிறது. அதே பிரகடனத்தில் பணியாளர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய மற்றொரு விதியும் உண்டு. குற்றவாளி அடையாளம் காணப்பட்டாரா, கைது செய்யப்பட்டாரா, தண்டிக்கப்பட்டாரா என்பதைப் பொருட்படுத்தாமல் ஒருவரைப் பாதிக்கப்பட்டவராகக் கருதலாம் என்பதே அது. வழக்கு இல்லை, புகாரே இல்லை என்ற நிலையிலும் உங்கள் உதவிக்கு அவர் உரியவர்.

குற்றம் ஒருவரிடமிருந்து பொருளையோ உடல்நலத்தையோ பறிக்கும்போது, தன் வாழ்வில் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்துப் பறித்துவிடுகிறது. ஆகவே நீங்கள் செய்யும் ஒவ்வொரு செயலையும், அது அந்த உரிமையை அவரிடம் திருப்பித் தருகிறதா, அல்லது மீண்டும் ஒருமுறை பறிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புகார் கொடுக்கும்படி அவரை வற்புறுத்துவதும், புகார் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்று அவருக்காக நினைத்துக்கொள்வதும் இந்த அளவில் ஒரே தவறுதான்.

முதல் உரையாடல்

பேசத் தொடங்கும் முன் இடத்தைப் பாருங்கள். கதவு மூடியிருப்பது ஒருவருக்கு நிம்மதி தரும், வேறொருவருக்கு அச்சம் தரும் என்பதால் கதவைத் திறந்து வைக்கலாமா, மூடலாமா என்று அவரிடமே கேளுங்கள். வாசலுக்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் உட்காராதீர்கள். தொலைபேசியில் பேசுவதாக இருந்தால், இப்போது பேசுவது பாதுகாப்பானதா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். அவர் வெறுமனே ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும் என்ற வகையில் அந்தக் கேள்வியை அமைத்துக்கொள்ளுங்கள்.

அவரை எப்படி அழைக்க வேண்டும் என்றும் கேளுங்கள். அம்மா, தம்பி, அக்கா என்று உறவுமுறை சொல்லி அழைப்பது சிலருக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் குற்றம் செய்தவரே அப்படி ஓர் உறவுமுறைக்காரராக இருந்திருக்கலாம். அந்த நிலையில் அன்பாகச் சொன்ன சொல்லே காயப்படுத்தும்.

அடுத்து, அவர் எதையும் சொல்லத் தொடங்கும் முன்பே இரகசியம் காப்பதன் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு எதிரான கொடுமை, உயிருக்கு உடனடி ஆபத்து போன்றவற்றை உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை பல நாடுகளில் இருக்கிறது. இதை அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு தெரிவித்தால், நம்பிப் பேசியவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். "நீங்கள் சொல்வது நம்மோடு இருக்கும், இன்னின்ன சூழ்நிலை தவிர" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். எதைச் சொல்வது, எதை நிறுத்திக்கொள்வது என்று அவர் தெரிந்தே முடிவு செய்யட்டும்.

பேசத் தொடங்கியதும் முழு வரலாற்றையும் கேட்க முயலாதீர்கள். விசாரணை உங்கள் வேலை இல்லை. தவிர, ஒரே நிகழ்வை மீண்டும் மீண்டும் சொல்ல வைப்பது அவரைச் சோர்வடையச் செய்யும், பின்னாளில் அவர் சாட்சியத்தில் முரண்பாடு தேடுபவர்களுக்கும் வாய்ப்பளிக்கும். உடலில் காயம் உண்டா, இன்றிரவு தங்குவதற்குப் பாதுகாப்பான இடம் உண்டா, அவரை நம்பியிருக்கும் குழந்தைகளோ முதியவர்களோ இருக்கிறார்களா, இந்த நேரத்தில் அவரை அதிகம் வருத்துவது எது என்பவை தெரிந்தால் முதல் சந்திப்புக்குப் போதும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல நேரங்களில் நீங்கள் எதிர்பாராததாக இருக்கும். கொடிய தாக்குதலுக்கு ஆளான ஒருவர் நாளை வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்றே கவலைப்படக்கூடும். அதையே முதலில் கவனியுங்கள்.

'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளை முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. "ஏன் அங்கே போனீர்கள்", "ஏன் அப்போதே சொல்லவில்லை" என்ற கேள்விகள் எவ்வளவு மென்மையாகக் கேட்கப்பட்டாலும் குற்றச்சாட்டாகவே காதில் விழும். "எல்லாம் சரியாகிவிடும்", "வழக்கு நிச்சயம் வெல்லும்" என்ற வாக்குறுதிகளும் கூடாது, ஏனெனில் அவற்றைக் காப்பாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. "உங்களுக்கு நடந்தது உங்கள் தவறில்லை", "நீங்கள் சொன்னதை நான் நம்புகிறேன்", "அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்" ஆகிய மூன்றும் எளிய வாக்கியங்கள்தாம் என்றாலும், பலர் இவற்றை முதன்முறையாகக் கேட்பது ஆதரவுப் பணியாளரிடமிருந்துதான்.

அதிர்ச்சிக்கு உள்ளானவர் எப்படித் தோன்றுவார் என்பது பற்றிய தவறான எதிர்பார்ப்பு இந்தப் பணியில் பெரும் தீங்கு செய்கிறது. ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ரம் ஆகிய இருவரும் பாலியல் வன்முறைக்கு ஆளாகி மருத்துவமனைக்கு வந்த பெண்களைச் சந்தித்து 1974 இல் வெளியிட்ட ஆய்வில், அழுகையையும் அச்சத்தையும் வெளிப்படுத்தியவர்களும், முகத்தில் எதையும் காட்டாமல் அமைதியாக இருந்தவர்களும் ஏறக்குறையச் சம அளவில் இருந்ததைப் பதிவு செய்தனர். எனவே ஒருவர் நிதானமாகப் பேசுவதும் இடையே சிரிப்பதும் அவர் சொல்வது பொய் என்பதற்கு அடையாளம் ஆகா. எதிர்த்துப் போராடவில்லை, கூச்சலிடவில்லை என்பதும் அப்படியே. கடும் அச்சத்தில் உடல் தன் விருப்பமின்றியே அசைவற்று உறைந்துபோவது அறியப்பட்ட உடலியல் நிகழ்வு. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளானோருக்கான அவசர மருத்துவ மையத்துக்கு வந்த 298 பெண்களைக் கொண்டு 2017 இல் வெளியான ஆய்வில், சுமார் 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவில் அத்தகைய உறைநிலையை அடைந்ததாகத் தெரிவித்தனர். "நான் ஏன் எதுவுமே செய்யவில்லை" என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தத் தகவலைச் சரியான நேரத்தில் சொல்வது பெரிய உதவி. நினைவுகள் துண்டு துண்டாகவும் வரிசை மாறியும் வருவதும் இயல்பு என்பதை அவருக்குச் சொல்லுங்கள், விட்டுப்போன இடங்களை ஊகித்து நிரப்ப வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மொழி தெரியாத நிலையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் குடும்பத்தினரை, அதிலும் குழந்தைகளை, ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். குற்றம் வீட்டுக்குள் நடந்திருந்தால் மொழிபெயர்ப்பவரே குற்றவாளியின் பக்கம் நிற்பவராக இருக்கலாம். அப்படி இல்லாவிட்டாலும், தன் பிள்ளையின் வாய்வழியாக இந்தச் சொற்கள் வருவதை எந்தப் பெற்றோரும் விரும்புவதில்லை.

பாதுகாப்பும் உடல்நலமும்

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில், விலகிச் செல்ல முடிவெடுக்கும் காலமும் விலகிச் சென்றதற்குப் பிந்தைய காலமுமே பெரும்பாலும் மிக ஆபத்தானவை. ஆகவே "உடனே வெளியேறிவிடுங்கள்" என்ற அறிவுரை பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் சொல்லப்பட்டால் உயிருக்கே கேடாகலாம். கொலை மிரட்டல், ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, பின்தொடர்தல், கருவுற்றிருந்தபோது அடித்தது, கழுத்தை நெரித்தது ஆகியவை ஆபத்து உயர்ந்திருப்பதைக் காட்டும் அறிகுறிகள். செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்ப்பெல் 1980களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் இத்தகைய கேள்விகளையே முறைப்படுத்துகிறது. ஆபத்து இருப்பதாகப் பாதிக்கப்பட்டவர் சொன்னால் நம்புங்கள். ஆபத்து இல்லை என்று அவர் சொல்வதை மட்டும் வைத்து நீங்களும் அமைதியடைந்துவிடாதீர்கள், ஏனெனில் நெடுங்காலம் வன்முறையோடு வாழ்ந்தவர்கள் அதைக் குறைத்து மதிப்பிடுவது உண்டு.

கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால், வெளியே தழும்பு எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை தேவை. குரல் கரகரப்பது, விழுங்கச் சிரமப்படுவது, கண்ணில் சிவந்த புள்ளிகள், கடும் தலைவலி, நினைவிழந்த இடைவெளி ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். கழுத்து இரத்தக் குழாயில் ஏற்பட்ட கிழிசல் சில நாட்கள் கழித்துப் பக்கவாதமாக வெளிப்படலாம் என்பதை அவருக்கும் மருத்துவருக்கும் எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

பாலியல் வன்முறையில் காலம் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை முன்னதாகத் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாட்களுக்குள் எடுக்கலாம் என்றாலும் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பலன் குறைகிறது. தடயங்கள் சேகரிக்கப்பட வேண்டுமெனில் குளிக்காமலும் உடை மாற்றாமலும் வருவது நல்லது. மாற்றியிருந்தால் அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி மரபணுத் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டு வந்தவரிடம் இதை ஒரு குறையாகச் சொல்லிவிடக் கூடாது. அப்போதும் பரிசோதனையில் பயன் உண்டு. பரிசோதனையின் எந்தக் கட்டத்திலும் "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது என்பதை உள்ளே போகும் முன் நினைவூட்டுங்கள், அவர் அப்படிச் சொன்னால் அது மதிக்கப்படுகிறதா என்பதைக் கவனிப்பது உங்கள் பொறுப்பு.

கைப்பேசியை மறந்துவிடக் கூடாது. குற்றம் செய்தவர் அவருடைய கடவுச்சொல்லை அறிந்தவராக இருக்கலாம், இருப்பிடத்தைக் கண்காணிக்கும் செயலி நிறுவப்பட்டிருக்கலாம். அத்தகைய செயலியைக் கண்டதும் நீக்கிவிடுவது சரியென்று தோன்றும். ஆனால் கண்காணிப்பவர் அதை உடனே அறிந்து வெறிகொள்ளலாம், சான்றும் அழிந்துபோகும். பாதுகாப்புத் திட்டம் தயாரான பிறகே நீக்குங்கள். அதுவரை முக்கியமான உரையாடல்களுக்கு வேறு கருவியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

காவல் நிலையமும் நீதிமன்றமும்

புகார் அளித்தால் என்னென்ன நடக்கும், அளிக்காவிட்டால் என்னென்ன வாய்ப்புகள் மீதமிருக்கும் என்பதை ஒரே குரலில், ஒன்றை உயர்த்தாமல் சொல்வது எளிதன்று. பயிற்சி வேண்டும். குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்ற கோபம் உங்களுக்கு இருக்கலாம், அது நியாயமானதும்கூட. ஆனால் அந்தக் கோபத்தின் செலவை ஏற்கப்போகிறவர் அவர்தான்.

வாக்குமூலம் அளிக்கும்போது உடன் இருக்க அனுமதி கிடைத்தால், அவருக்குப் பதிலாகப் பேசாதீர்கள். இடைவேளை கேட்பது, புரியாத கேள்வியை விளக்கும்படி அதிகாரியிடம் கோருவது, எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பமிடச் செய்வது ஆகியவை போதும். நடந்தவற்றின் நுணுக்கங்களைப் பற்றி அவரோடு தனியே விவாதிக்காமல் இருப்பதும் முக்கியம். சொல்லிக்கொடுத்து வரவழைத்த சாட்சியம் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைத்துவிடும், நீங்களே சாட்சியாக அழைக்கப்படவும் நேரலாம்.

நீதிமன்றத்துக்கு அவரைத் தயார் செய்வது என்பது என்ன சொல்ல வேண்டும் என்று கற்பிப்பதாக ஆகிவிடக் கூடாது. அந்த இடமும் அதன் நடைமுறையும் அவருக்குப் பழக்கமாக வேண்டும். முடிந்தால் விசாரணை நாளுக்கு முன்பே வெறுமையான நீதிமன்ற அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீதிபதி எங்கே அமர்வார், குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே இருப்பார், சாட்சி எங்கே நிற்பார் அல்லது உட்காருவார், கழிப்பறை எங்கே, எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியேறலாம் என்று காட்டுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரும் அவருடைய ஆட்களும் இருக்கும் பகுதியில் காத்திருக்க நேராதபடி தனி அறை, திரை மறைப்பு, காணொளி வழிச் சாட்சியம் போன்ற ஏற்பாடுகள் அங்கே உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து, அவர் விரும்பினால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் மூலம் விண்ணப்பிக்கச் செய்யுங்கள். விசாரணை நாள் அன்று கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

குறுக்கு விசாரணையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் பொய் சொல்வதாகவோ மிகைப்படுத்துவதாகவோ நேருக்கு நேர் கூறப்படலாம். "தெரியவில்லை", "நினைவில்லை", "கேள்வி புரியவில்லை, மீண்டும் கேளுங்கள்" என்று சொல்வது தவறில்லை என்பதைத் தெரிந்துகொண்டவர் கூண்டில் நிலைகுலைவது குறைவு. வாய்தா போவதற்கும் அவரை ஆயத்தப்படுத்த வேண்டும். பல வாரங்கள் தூக்கமின்றித் தன்னைத் திரட்டிக்கொண்டு வந்தவரிடம் வழக்கு தள்ளிவைக்கப்பட்டது என்று சொல்லப்படும் நாள், சாட்சியம் அளித்த நாளைவிடக் கொடியதாக இருக்கக்கூடும். அன்று அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

தீர்ப்புக்கு முன்பு, விடுதலையும் நடக்கக்கூடியதே என்பதைப் பேசியிருக்க வேண்டும். குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பதால், விடுதலைத் தீர்ப்பு என்பது பாதிக்கப்பட்டவர் பொய் சொன்னார் என்று நீதிமன்றம் அறிவித்ததாகப் பொருள்படாது. இதைத் தீர்ப்புக்குப் பிறகு சொன்னால் சமாதானம் போல ஒலிக்கும், முன்பே சொல்லி வைத்தால் பற்றிக்கொள்ள ஓர் ஆதாரமாக இருக்கும்.

கொலையுண்டவரின் குடும்பத்துக்குத் துணை நிற்பவர்கள் மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். உடலைப் பார்ப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யும் முன், உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நேர்மையாகவும் மெதுவாகவும் சொல்ல யாராவது வேண்டும். இறந்தவரின் உடைமைகள் சான்றுப் பொருளாக வைக்கப்பட்டுப் பின்னர் திருப்பித் தரப்படும்போது, உறையைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிந்து அவர்களுக்குச் சொல்லுங்கள். ஊடகத்தினர் வாசலுக்கு வந்தால் பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

பணம் பறிபோனவர்கள்

மோசடியில் பணம் இழந்தவரை யாரும் அடித்திருக்கவில்லை என்பதால் அவருடைய துயரம் சிறிதாக எண்ணப்படுகிறது. அவரோ தன் முட்டாள்தனத்தால் நேர்ந்தது என்று வெட்கி, குடும்பத்தாரிடம்கூட மறைக்கிறார். வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை முடக்குவதும் உரிய காவல் பிரிவில் பதிவு செய்வதும் முதல் சில மணி நேரங்களில் நடந்தால் பணம் மீளும் வாய்ப்பு கூடும். பின்னொரு நாள், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்டு வேறொருவர் தொடர்பு கொள்வார் என்று எச்சரித்து வையுங்கள். ஏமாந்தவர்களின் விவரங்களை மோசடிக்காரர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள்.

வன்முறைக் குற்றங்களுக்கு அரசு இழப்பீடு தரும் முறையை 1963 இல் நியூசிலாந்து சட்டமாக்கியது, பின்னர் பல நாடுகள் அவ்வாறு செய்தன. இத்தகைய திட்டங்களில் விண்ணப்பிப்பதற்குக் காலக்கெடு இருப்பது வழக்கம். காவல்துறையில் புகார் பதிவாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. எனவே மருத்துவ ரசீதுகள், பயணச் செலவு, இழந்த ஊதியத்துக்கான சான்று ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்க்கச் செய்யுங்கள்.

பதிவேடு

நீங்கள் எழுதும் குறிப்புகளை நீதிமன்றம் கோரக்கூடும் என்ற எண்ணத்தோடு எழுதுங்கள். சந்தித்த தேதி, கொடுத்த தகவல், செய்த பரிந்துரை, அடுத்த சந்திப்பு ஆகியவை போதும். "குழப்பமாகப் பேசினார்" போன்ற உங்கள் கணிப்புகள் அவருக்கு எதிராகப் படிக்கப்படலாம்.

பணியாளரின் நலமும் பணி முடிவும்

பிறருடைய துயரத்தைத் தொடர்ந்து கேட்பவரின் உலகப் பார்வையே மாறிவிடும் நிலையை லிசா மெக்கேன், லாரி பேர்ல்மன் ஆகிய உளவியலாளர்கள் 1990 இல் விளக்கினர். யாரையும் நம்ப முடியாமல் போவது, வீட்டுக் குழந்தைகளை வெளியே அனுப்பவே அஞ்சுவது, அல்லது எந்தக் கதையைக் கேட்டாலும் மனம் அசையாமல் மரத்துப் போவது ஆகியவை அதன் அறிகுறிகள். இது மனவலிமைக் குறைவால் வருவதில்லை, பணியோடு வரும் அபாயம். ஆகவே ஓய்வெடுத்துக்கொள்ளும்படி பணியாளருக்கு அறிவுரை சொல்வதோடு அமைப்பு நின்றுவிடக் கூடாது. மூத்தவர் ஒருவரோடு முறையாகக் கலந்துபேசும் நேரத்தையும், ஒருவர் கையில் சேரும் வழக்குகளுக்கு ஒரு வரம்பையும் அமைப்பே ஏற்படுத்தித் தர வேண்டும். அவை இல்லாத இடத்தில் பணியில் சேருபவர், சேருவதற்கு முன்பே அவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது. உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்து எந்நேரமும் அழைக்கலாம் என்று சொல்வது தாராள மனத்தைக் காட்டினாலும், நீங்கள் எடுக்க முடியாமல் போகும் ஓர் இரவில் அவர் கைவிடப்பட்டவராவார். பொதுவான அவசர எண்ணையும், உங்களைச் சந்திக்கக்கூடிய நேரத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

பணி முடிவதையும் திடீரென அறிவிக்கக் கூடாது. இரண்டு மூன்று சந்திப்புகளுக்கு முன்பே சொல்லி, இனி எந்த உதவிக்கு யாரை அணுகலாம் என்பதை எழுதிக் கொடுத்து, அவருடைய ஆவணங்களின் நகல்களை அவரிடமே ஒப்படையுங்கள். குற்றவாளியின் மேல்முறையீடு, பிணை, முன்விடுதலை ஆகியவை பற்றித் தனக்குத் தெரிவிக்குமாறு பதிவு செய்துகொள்ளும் வசதி பல நாடுகளில் உண்டு. அவ்வாறு பதிவு செய்வதா வேண்டாமா என்று அவரைக் கேட்டு, வேண்டுமென்றால் அவர் எதிரிலேயே விண்ணப்பத்தை நிரப்புங்கள். முகவரியோ எண்ணோ மாறும்போது அதைத் திருத்தாவிட்டால் அறிவிப்பு அவரைச் சேராது என்பதையும் அந்த விண்ணப்பத்தின் நகலிலேயே எழுதிக் கொடுங்கள்.